பெக் மரக்கட்டை இல்ல சார்: எங்க ஊர் பிலிம் சொசைட்டி கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சாருக்கும் செயலாளர் அண்ணனுக்கும் கமிட்டில இருக்குற மத்த எல்லாருக்கும்,

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. பழைய ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக் படங்களோட தொடர் திரையிடல் ரத்து, மெக்கன்னாஸ் கோல்டு மட்டும் போடுறோம், மத்த அஞ்சு வாரமும் புதுப்படம், ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான். கீழ பதினேழு பேர் கும்பிடு போட்டிருந்தாங்க, நானும் தூக்கக் கலக்கத்துல ஒரு கும்பிடு போட்டுட்டேன், காலைல கடை ஷட்டர தூக்குறப்பதான் என்ன நடந்திருக்குன்னே உறைச்சுது. அந்தக் கும்பிட வாபஸ் வாங்கிக்கிறேன். அதுக்குத்தான் இந்த லெட்டர்.

கோர்ட்டுக்கு எதிர்ல டிடிபி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவன் நான்தான். ஒம்போது வருஷமா நம்ம சொசைட்டி நோட்டீஸ் எல்லாம் என் கடைலதான் அடிக்கிறோம், பேப்பர் காசு தவிர வேற வாங்குனதில்ல, அத சொல்லிக் காட்டுறதுக்காகச் சொல்லல, இந்த ரத்து செலவு எங்க வந்து விழுந்திருக்குன்னு தெரியணும்ல. 300 நோட்டீஸ் அடிச்சு கட்டி கவுண்டருக்கு அடில வச்சிருக்கேன். மேல கண்ணாடி போட்ட பெக், கீழ ஆறு ஞாயித்துக்கிழமை, ஆறு படம்: ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட், ட்வெல்வ் ஓ கிளாக் ஹை, த கன்ஃபைட்டர், ரோமன் ஹாலிடே, டு கில் எ மாக்கிங்பேர்ட், கடைசியா மெக்கன்னாஸ் கோல்டு. ப்ரூப் பாத்து ஓகே சொன்னது நீங்கதான். "கிரகரி"ன்னு நான் அடிச்சிருந்தத "கிரிகரி"ன்னு திருத்தச் சொன்னது பொருளாளர் சார்தான். இன்னொண்ணும் இருக்கு. மாக்கிங்பேர்டுக்கு தமிழ் சப்டைட்டில் போட்டா நல்லாருக்கும்னு பொதுக்குழுவுல சொன்னப்ப நான் கைய தூக்குனேன், நாலு மாசம் ராத்திரி ராத்திரி கடைய மூடிட்டு உக்காந்து அத்தனை வரியும் டைப் பண்ணி முடிச்சேன். அதப் பத்தி மெசேஜ்ல ஒரு வார்த்தை இல்ல.

செயலாளர் அண்ணனுக்கு போன் போட்டேன். பொறுமையாத்தான் பேசுனாரு, அத மறுக்கல. கருப்பு வெள்ளைப் படத்துக்கு கூட்டம் வராதுன்னாரு. பெக் எல்லாப் படத்துலயும் மரக்கட்டை மாதிரி ஒரே மாதிரி நிப்பாருன்னு கமிட்டில ஒருத்தர் சொன்னாராம். மாக்கிங்பேர்டு வெள்ளைக்காரன் வந்து கருப்பின மக்கள காப்பாத்துற மாதிரி படம், இன்னிக்குப் போட்டா தப்பாகும்னு புதுசா சேந்த தம்பி ஒருத்தர் சொன்னாராம். இதுல மூணாவது மட்டும்தான் உருப்படியான பேச்சு, அதுக்குக் கடைசில வரேன். மொதல்ல மரக்கட்டை.

மாக்கிங்பேர்டுல பெக்குக்கு அட்டிகஸ்ங்கிற வக்கீல் வேஷம், பொய்க் கேஸ்ல மாட்டுன டாம் ராபின்சன்ங்கிற கருப்பின மனுஷனுக்காக வாதாடுறவரு. அதுல ஒரு இடம் ஞாபகம் வச்சுக்கோங்க. டாம் ராபின்சன் வீட்டுக்கு வெளிய, காருக்குள்ள அட்டிகஸோட பையன் உக்காந்து பாத்துட்டிருக்கான், டாம் மேல கேஸ் குடுத்த அந்த யூயல் கிட்ட வந்து அட்டிகஸ் மூஞ்சில துப்புறான். பெக் ஒரு எட்டு முன்னாடி வைக்கிறார். நமக்கு நெஞ்சு படபடங்குது, விடுவாருடா ஒரு அறைன்னு. அந்தக் கால் அங்கயே நிக்குது, பாக்கெட்டுலருந்து கைக்குட்டைய எடுத்து மூஞ்சிய தொடச்சுட்டு, அவனச் சுத்தி நடந்து போய் கார்ல ஏறுறார். வசனமே இல்ல. அந்த ஒரு எட்டுல அடிக்கணும்ங்கிற ஆசை முழுசா தெரியுது, அடுத்த செகண்டுல அத முழுங்குறதும் தெரியுது. இதுக்குப் பேரு மரக்கட்டைன்னா நமக்கு நடிப்புன்னா கத்துறது மட்டும்தான்னு அர்த்தம். சத்தம் போட்டு அழுதா நடிப்பு, அடக்குனா மரக்கட்டை, இந்தக் கணக்கு நமக்கு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல.

1949ல வந்த ட்வெல்வ் ஓ கிளாக் ஹைய யாராவது கமிட்டில பாத்தீங்களா? நிஜமாவே கேக்குறேன். ரெண்டாம் உலகப் போர்ல இங்கிலாந்துல இருக்குற அமெரிக்க குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவு, நொந்து போய்க் கெடக்குது, அத சரி பண்ண வர்ற ஜெனரல் சாவேஜ்தான் பெக். படம் முழுக்க இரும்பு மாதிரி இருக்குற மனுஷன், கடைசில ஒரு நாள் விமானத்துக்குள்ள ஏறக் கைய மேல வைக்கிறார், ஒடம்பு தூக்க மாட்டேங்குது. திரும்ப முயற்சி பண்றார். கை கேக்கல. விமானம் எல்லாம் அவர விட்டுட்டுப் பறந்து போகுது, அவர் ஒரு நாற்காலில உக்காந்து, கண்ண இமைக்காம, போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் வாய் தொறக்காம இருக்கார். அந்த நாற்காலில உக்காந்திருக்குறப்பதான் சார் அவர் மரக்கட்டை, அந்த ஜெனரலுக்கு அப்போ தேவை அதுதான். அந்தப் படத்த அமெரிக்க ராணுவத்துலயும் மேனேஜ்மென்ட் படிப்புகள்லயும் தலைமைன்னா என்னன்னு சொல்லிக் குடுக்க இன்னும் போட்டுக் காட்டுறாங்க. நாம ஒரு ஞாயித்துக்கிழமை போட முடியல.

ஒரே மாதிரி நடிப்பார்னும் சொன்னாங்களாம். 1946ல டூயல் இன் த சன்ல அயோக்கியனா வர்றார், 1956ல மோபி டிக்ல திமிங்கலத்து மேல வெறி புடிச்ச கேப்டன், 1978ல தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்ல நாஜி டாக்டர் மெங்கலே. எல்லாமே நல்லா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், திமிங்கலப் படத்துல எனக்கே அவர் கொஞ்சம் ஒட்டல, ஆனா ஒரே மாதிரி ஆளு இத்தனை தெசைல கால் வைக்க மாட்டான். நல்லவன் வேஷம் அவருக்கு ஒட்டிக்கிச்சுங்கிறது வாஸ்தவம். அது அவர் குத்தமா, நம்ம குத்தமா?

எங்கப்பா பத்தி ரெண்டு வரி சொல்லிட்டு கூட்டம் விஷயத்துக்கு வரேன். நாப்பத்தோரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவர். இப்ப எம்பத்தி நாலு. இங்கிலீஷ் படிப்பாரு, டைப்ரைட்டிங் ஹையர், ஆனா இங்கிலீஷ் படம் பாத்தா புரியாது, ரொம்ப வேகமா பேசுறானுங்கன்னு எந்திரிச்சுப் போயிடுவாரு. பெக் பேசுனா மட்டும் உக்காந்திருப்பாரு. "இவன் பேசுறது எனக்கு விளங்குதுடா, டிக்டேஷன் குடுக்குற மாதிரி பேசுறான்"னு சொல்லுவாரு. அந்த ஆழமான, அவசரப்படாத குரல்தான் நீங்க மரக்கட்டைன்னு சொல்றது. பொறந்த மொழி இங்கிலீஷா இல்லாத நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒரு அமெரிக்க நடிகன் குரல் நேரா காதுல ஏறுதுன்னா அது சாதாரண விஷயமா?

சப்டைட்டில் பண்றப்பவும் எங்கப்பாதான் எனக்கு வாத்தியார். கிராஸ் எக்ஸாமினேஷனுக்கு "குறுக்கு விசாரணை"ன்னு உடனே சொல்லிட்டாரு, அப்ஜெக்‌ஷனுக்கு "ஆட்சேபணை". எங்களுக்குள்ள சண்ட வந்தது ஒரே விஷயத்துலதான். அந்தப் புள்ளைங்க ரெண்டும் பெத்த அப்பாவ "அட்டிகஸ்"னு பேர் சொல்லிக் கூப்புடுதுங்க. "நம்ம ஊர்ல இத போட்டா புள்ளைய வளத்த லட்சணம் பாருன்னு சிரிப்பாங்க, அப்பான்னே போடு"ன்னாரு. நான் முடியாதுன்னேன், அந்த வீட்டுல அதிகாரம் எப்படி ஓடுதுன்னு காட்டுறதே அந்தப் பேருதான். ஒரு வாரம் பேசல ரெண்டு பேரும். கடைசில "அட்டிகஸ்"தான் இருக்கு, ஆனா கோர்ட் பால்கனில கருப்பின மக்கள் எல்லாம் எந்திரிச்சு நிக்கிற எடத்துல, பாதிரியார் அந்தக் குட்டிப் பொண்ண எழுப்பி விடுறப்ப, "எந்திரிம்மா, உங்கப்பா போறாரு"ன்னு போட்டேன். அந்த ஒரு வரிக்கு எங்கப்பாவுக்கு சமாதானம்.

அதே சீன்ல அவர் கவனிச்சது வேற. நான் பால்கனியப் பாத்துட்டிருந்தேன், அவர் மேசையப் பாத்துட்டிருந்தாரு. பெக் பேப்பர அடுக்கி பைக்குள்ள வைக்கிறார், மேல யாரு நிக்கிறான்னு நிமிந்தே பாக்கல, அப்படியே நடந்து வெளிய போறார். "தோத்த கேஸ் கட்ட அப்படித்தான்டா எடுத்து வைப்பாங்க, ஜெயிச்ச கட்டுன்னா கை வேற மாதிரி போகும்"னாரு. நாப்பத்தோரு வருஷம் அடுத்தவன் கேஸ் கட்ட தூக்குன ஆளு சொல்றாரு. மரக்கட்டைன்னு சொன்ன அந்த நண்பர் ஒருநாள் எங்க வீட்டுக்கு வரட்டும், காபி என் செலவு.

இப்ப கூட்டம். 1950ல த கன்ஃபைட்டர் எடுத்தப்ப பெக் பெரிய மீசை வச்சுக்கிட்டாரு, அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்துச்சுன்னு. ஸ்டுடியோ பெரிய தலைங்க பாத்துட்டு அலறிட்டாங்க. படம் நெனச்ச அளவு ஓடல, பழி பூராவும் மீசை மேல விழுந்துச்சு, அந்த மீசையாலதான் நமக்கு லட்சக்கணக்குல நஷ்டம்னு ஸ்டுடியோ பிரசிடென்டே பொலம்புனாரு. நம்ம ஊரா இருந்தா மீசை இல்லாட்டிதான் கூட்டம் வராது! இன்னிக்கு அந்தப் படத்த வெஸ்டர்ன்லயே ஆகச் சிறந்ததுல ஒண்ணுன்னு பேசுறாங்க. வேகமா துப்பாக்கி எடுக்குறவன்னு பேர் வாங்கினதாலயே போற ஊர்லல்லாம் எவனாவது ஒரு பொடியன் சண்டைக்கு வந்து நிப்பான், அந்தப் பேர் வேணாம், பொண்டாட்டி புள்ளைய ஒரு தடவ பாத்தா போதும்னு உக்காந்திருக்குற ஒரு களைச்ச மனுஷன் கதை.

மெக்கன்னாஸ் கோல்டயே எடுத்துக்கோங்க. 1969ல அமெரிக்காவுல அது சரியா போகல. இங்கதான் அத தலைல தூக்கி வச்சுக் கொண்டாடுனோம், திரும்பத் திரும்ப ரிலீஸ் ஆகி ஒரு தலைமுறையே பாத்துச்சு, அந்த பள்ளத்தாக்கு இடிஞ்சு விழுறதையும் குதிரை மேல பைல தங்கம் இருக்குறதே தெரியாம பெக் போறதையும் எங்கப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி எத்தன தடவ சொல்லிருப்பாருன்னு கணக்கே இல்ல. ரஷ்யாலயும் அப்படித்தான் ஓடுச்சு. அப்ப அமெரிக்காக்காரன் கூட்டம் வராதுன்னு ஒதுக்கிருந்தா உங்க கைல இப்ப மிஞ்சியிருக்குற அந்த ஒரு படமும் இருந்திருக்காது. கூட்டம்ங்கிறது ஊருக்கு ஊர் மாறும், பத்து வருஷத்துக்கு ஒரு தடவ மாறும். நம்ம ஹால்ல இருக்குறது அறுபது நாற்காலி சார். அறுபது நாற்காலிக்கு எதுக்கு இவ்வளவு கூட்டக் கணக்கு?

லிஸ்ட்ல இல்லாத படம் ஒண்ணு, 1958ல வந்த த பிக் கன்ட்ரி, சொல்லாம இருக்க முடியல. பெக் கிழக்குப் பக்கத்துலருந்து மாட்டுப் பண்ணை ஊருக்கு வர்ற ஆளு, எல்லாரும் முரட்டுக் குதிரைல ஏறிக் காட்டுன்னு உசுப்பேத்துறாங்க, மாட்டேங்குறார். கோழைன்னு பேசுறாங்க. யாரும் இல்லாத நேரமா பாத்து அந்தக் குதிரைல ஏறி, விழுந்து, ஏறி, விழுந்து, பழக்கிட்டு, பாத்த வேலக்காரன்கிட்ட வெளிய சொல்லாதன்னுடுறார். சார்ல்டன் ஹெஸ்டனோட சண்டையும் அப்படித்தான், ஊரு தூங்குறப்ப வெட்டவெளில, கேமராவ எங்கயோ தூரத்துல வச்சிருப்பாரு வில்லியம் வைலர், ரெண்டு எறும்பு அடிச்சுக்குற மாதிரி தெரியும். நம்ம தொடருக்கு அடுத்த வருஷம் இத போடலாம்னு நெனச்சிட்டிருந்தேன். அது கெடக்கட்டும்.

ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்ட தூக்குனதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், மாக்கிங்பேர்ட விட. 1947. யூதர்கள எப்படி நடத்துறாங்கன்னு எழுத வர்ற ஒரு பத்திரிகைக்காரன், அவன் யூதனில்ல, ஆனா நானும் யூதன்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாழ்ந்து பாக்குறான். இந்த வேஷம் வேணாம், பேரு கெட்டுப் போகும்னு சொன்னவங்க இருந்தாங்க, பெக் ஒத்துக்கிட்டாரு, எலியா கசான் எடுத்தாரு, சிறந்த படத்துக்கு ஆஸ்கர் வாங்குச்சு. அதுல ஒரு ஓட்டல் சீன் வரும். இங்க யூதர்களுக்கு ரூம் உண்டா இல்லையான்னு நேரா கேக்குறார். யாரும் இல்லன்னு சொல்லல. உண்டுன்னும் சொல்லல. மேனேஜர் வர்றாரு, சிரிக்கிறாரு, சுத்தி வளைக்கிறாரு, ரூம் இல்லங்குறாரு.

நான் 2011ல வாடகைக்கு வீடு தேடுனேன் சார், இதே ஊர்ல. ஒரு வீட்டுல அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடிச்சாச்சு, சாவி மேசை மேல இருக்கு, அந்தம்மா தண்ணி குடுத்துட்டு, "சொந்த ஊர் எந்தப் பக்கம்"னாங்க, சொன்னேன், "அங்க எந்தத் தெரு"ன்னாங்க, சொன்னேன். சாவி மேசைலருந்து மெதுவா பின்னாடி போச்சு. "பையன் வெளிநாட்டுலருந்து வர்றேன்னுருக்கான், கேட்டுட்டு சொல்றேன்." கோவமா ஒரு வார்த்தை இல்ல. அந்தப் படத்த நான் பாத்தது அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு, அந்த மேனேஜர் சிரிப்பப் பாத்ததும் அந்தச் சாவிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. இது நம்ம ஆடியன்ஸுக்குப் புரியாத படமா? இதுக்கு கருப்பு வெள்ளைன்னு ஒரு சாக்கா?

சரி, அந்தத் தம்பி சொன்னதுக்கு வரேன். தம்பி, உங்க பேர எழுதல, ஆனா இது உங்களுக்குத்தான். நீங்க சொல்றதுல பாதி எனக்கு சம்மதம். மாக்கிங்பேர்டு டாம் ராபின்சன் கதைன்னு சொன்னாலும் நாம அவர கோர்ட்டுல கூண்டு ஏறுற அந்த நேரம் தவிர பெருசா பாக்குறதே இல்ல. அட்டிகஸ் வீட்ட தாங்குற கருப்பின வேலக்காரம்மா கால்பூர்னியா மனசுல என்ன ஓடுதுன்னு படம் கேக்கவே இல்ல. பால்கனில நிக்கிறவங்க எந்திரிச்சு மரியாதை குடுக்குறாங்க, குரல் குடுக்கல. 2015ல, மாக்கிங்பேர்டு கதைய எழுதுன ஹார்ப்பர் லீயோட இன்னொரு நாவல் வந்தப்ப அதுல வயசான அட்டிகஸ் நிறப் பிரிவினைக்குத் துணை பேசுற ஆளா இருந்தாரு, உலகம் பூரா ரசிகர்களுக்கு நெஞ்சு வலி. இதெல்லாம் பேசணும். ஆனா காப்பாத்துற கதைன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அவர் யாரக் காப்பாத்துனாரு? கேஸ் தோத்துப் போச்சு. இடது கை செயலில்லாத மனுஷன்னு கண்ணு முன்னாடி நிரூபிச்சும், வெள்ளக்கார ஜூரி பன்னெண்டு பேரும் குத்தவாளிதான்னுட்டாங்க. அப்பீல் பண்ணலாம்னு அட்டிகஸ் நம்பிட்டிருக்குறப்பவே டாம சுட்டுக் கொன்னுடறாங்க. சட்டத்த முழுசா நம்புன ஒரு நல்ல மனுஷன் எவ்வளவு தூரம் போவான், எங்க முட்டிக்கிட்டு நிப்பான்னுதான் எனக்கு அந்தப் படம் தெரியுது. உங்களுக்கு வேற தெரியலாம். போட்டாத்தானே பேச முடியும்?

டாமா நடிச்ச ப்ராக் பீட்டர்ஸ் கூண்டுல நின்னு கண்ணு கலங்குறப்ப, நேரா அவர் கண்ணப் பாத்தா தனக்குத் தொண்ட அடைச்சுடும்னு அவரத் தாண்டிப் பாத்துட்டு நடிச்சதா பெக் பின்னாடி சொல்லிருக்காரு. அவங்க ரெண்டு பேர் நட்பு படத்தோட முடியல. 2003 ஜூன் 12ந் தேதி பெக் எம்பத்தேழு வயசுல போய்ச் சேந்தப்ப, இறுதி அஞ்சலில பேசுனது அதே ப்ராக் பீட்டர்ஸ்தான். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் சினிமாவோட நூறு வருஷத்து நாயகர்கள்ல அட்டிகஸுக்கு முதல் இடம் குடுத்திருந்துச்சு. 1963ல அந்த வேஷத்துக்கு ஆஸ்கர் வாங்க மேடை ஏறுனப்ப அவர்கிட்ட இருந்தது ஹார்ப்பர் லீயோட அப்பாவோட பாக்கெட் கடிகாரம். அந்தப் பெரியவர்தான் அட்டிகஸுக்கு மூலம், வக்கீல், படம் எடுத்துட்டிருந்தப்பவே 1962ல எறந்துட்டாரு, மக அந்தக் கடிகாரத்த பெக்குக்குக் குடுத்துட்டாங்க. பெக் அந்த வேஷத்துல மொத தடவ நடந்து வந்தப்பவே அந்தம்மா அழுதுட்டாங்களாம், எங்கப்பா மாதிரியே உங்களுக்கும் லேசா தொப்பை இருக்குன்னு. அதுக்கு இவர், அது தொப்பை இல்ல, நடிப்புன்னாராம்.

நீங்க எல்லாரும் கமிட்டிக்காரங்கங்கிறதால இத சொல்றேன். பெக்கும் ஒரு கமிட்டிக்குத் தலைவரா இருந்தவருதான். ஆஸ்கர் குடுக்குற அகாடமிக்கு 1967லருந்து 1970 வரைக்கும் பிரசிடென்ட். 1968 ஏப்ரல் 4ந் தேதி மார்ட்டின் லூதர் கிங்க சுட்டாங்க, ஆஸ்கர் விழா 8ந் தேதி. டிவி நேரம் வாங்கியாச்சு, உலகம் பூரா காத்திருக்கு, அப்படியும் ரெண்டு நாள் தள்ளி 10ந் தேதிக்கு வச்சாங்க, விருந்தையும் ரத்து பண்ணாங்க. சிட்னி பாய்ட்டியே மாதிரி கருப்பினக் கலைஞர்கள் இறுதிச் சடங்குக்கு முன்னாடி விழான்னா வர மாட்டோம்னு சொன்னத அந்த அகாடமி காது குடுத்துக் கேட்டுச்சு. அவங்களும் ரத்து பண்ணாங்க, நீங்களும் ரத்து பண்றீங்க, எதுக்காகன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்த ஆள் 1947ல ஹாலிவுட்காரங்கள நாடாளுமன்றக் கமிட்டி கம்யூனிஸ்டான்னு வேட்டையாடுறப்ப எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவரு, மகன் வியட்நாம்ல ராணுவத்துல இருக்குறப்பவே அந்தப் போர் தப்புன்னு சொன்னவரு, அமெரிக்க ஜனாதிபதி நிக்சனோட எதிரிங்க லிஸ்ட்ல பேர் வாங்குனவரு. ரோமன் ஹாலிடேல போஸ்டர்ல தன் பேரு மட்டும்தான் பெருசா வரணும்னு ஒப்பந்தம் இருந்தும், அந்தப் புதுப் பொண்ணு பேரையும் சமமா போடுங்கன்னு ஏஜென்ட்டுக்கு போன் பண்ணாரு. அந்தப் புதுப் பொண்ணு ஆட்ரி ஹெப்பர்ன், அதே படத்துக்கு ஆஸ்கர் வாங்குச்சு. இவ்வளவையும் ஒரு தங்க வேட்டைப் படத்துக்குள்ள மடிச்சு வைக்கப் பாக்குறீங்க.

மெக்கன்னாஸ் கோல்டு வேணாம்னு நான் சொல்லவே இல்ல. அத போடுங்க, விசில் அடிச்சு பாப்பேன். அது மட்டும்தான் பெக்குன்னு ஒரு இருபது வயசுப் புள்ள நம்ம ஹால்லருந்து வெளிய போகக் கூடாது.

நான் கேக்குறது இதுதான். ஆறு வாரம் முடியாதுன்னா நாலு வாரம் குடுங்க: ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட், ட்வெல்வ் ஓ கிளாக் ஹை, மாக்கிங்பேர்டு, கடைசில நீங்க ஆசப்பட்ட மெக்கன்னாஸ் கோல்டு. கன்ஃபைட்டரையும் ரோமன் ஹாலிடேயையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க, மனசு வலிக்கும், தாங்கிக்கிறேன். மாக்கிங்பேர்டு முடிஞ்சதும் லைட்ட போட்டுட்டு ஒரு மணி நேரம் பேச்சு வைங்க, அத அந்தத் தம்பியே நடத்தட்டும், பெக்குக்கு எதிரா என்ன வேணா பேசட்டும், நான் மைக் புடிக்கிறேன். எந்தப் படத்தையும் நீளம்னு நடுவுல வெட்டாதீங்க, போன வருஷம் ஒரு படத்துல இருபது நிமிஷத்த ஓட்டி விட்டது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க. பொதுக்குழுவுல முடிவு பண்ணத ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸப்புல மாத்துற பழக்கம் இதோட நிக்கணும், மாத்துறதுன்னா உறுப்பினர்களக் கூப்புட்டுக் கேளுங்க, நோட்டுல எழுதி கையெழுத்து வாங்குங்க. அப்புறம் அந்த வலது பக்க ஸ்பீக்கர் கொரகொரங்குது, அத பாருங்க, குரல்தான் இவரு சொத்து, அதுவும் கேக்கலன்னா நீங்க சொன்ன மரக்கட்டைதான் மிஞ்சும். மொத வரிசைல ஓரமா கைப்பிடி வச்ச நாற்காலி ஒண்ணு எங்கப்பாவுக்கு, இது மட்டும் சொந்தக் கோரிக்கை.

பதில வர்ற புதன்கிழமைக்குள்ள குரூப்லயே சொல்லிடுங்க, தனியா போன்ல வேணாம். நாலு வாரம்னு சொன்னீங்கன்னா 300 நோட்டீஸயும் திரும்ப அடிக்கத் தேவையில்ல, ரெண்டு படத்த மட்டும் பேனால கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல புதுத் தேதிய நானே கைல எழுதிக் குடுத்துடுறேன். சனிக்கிழமை காலைல யாராவது வந்து கட்ட எடுத்துட்டுப் போங்க, ஒம்போது மணிக்கு கடை தொறந்திருக்கும்.

இப்படிக்கு,
கோர்ட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடைக்காரன்